ஷெர்ரி பீப்பாய்ல ஃபினிஷ் பண்ண ஐரிஷ் பிளெண்ட்: நிதானமா ருசி பாக்குறது எப்படி

ஒரு லிமிடெட் எடிஷன் பாட்டில் கைக்கு வந்திருக்கு, ஐரிஷ் பிளெண்டட் விஸ்கி, ஷெர்ரி பீப்பாய்ல ஃபினிஷ் பண்ணதுன்னு, அதாவது ஷெர்ரிங்குற ஒயின் இருந்த பீப்பாய்ல கடைசியா கொஞ்ச காலம் வச்சதுன்னு லேபிள்ல போட்டிருக்கு, இத எப்படி ஆரம்பிக்கிறதுன்னு யோசிக்கிறீங்கன்னா முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் திறக்காதீங்க. நான் டப்ளினுக்கு வந்த புதுசுல அப்படித்தான் செஞ்சேன். மீன் குழம்பு சாப்பிட்டு, சோப்பு போட்டு கை கழுவியும் விரல்ல குழம்பு வாசனை போகாம, நாலு ஐஸ் கட்டி போட்டு டிவி பாத்துகிட்டே குடிச்சேன், இனிப்பா ஏதோ உள்ள போச்சு, அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு. ஒரு மாசத்துல பாட்டில் காலி. அதே பாட்டில் திரும்ப எந்தக் கடைக்கும் வரல, இன்னிக்கு வரைக்கும் அது எப்படி இருந்துச்சுன்னு யாராவது கேட்டா எனக்கு சொல்லத் தெரியாது.

அதுக்கப்புறம் இந்த மாதிரி பாட்டில் எது வாங்கினாலும் ஒரே ஒரு கேள்வியோடதான் உக்காருறேன். ஷெர்ரி ஃபினிஷ் விஸ்கியில ஷெர்ரிய கண்டுபிடிக்கிறது பெரிய விஷயமே இல்ல, மூடிய திறந்ததும் அது தானா முன்னாடி வந்து நிக்கும். அதுக்கு அடியில இருக்குற விஸ்கி எங்க, அது இன்னும் உயிரோட இருக்கா, இல்ல ஷெர்ரி அத முழுங்கிடுச்சா? இதத்தான் பாக்கணும். கீழ சொல்றது எல்லாமே அந்தக் கேள்விக்காகத்தான்.

திறக்குறதுக்கு முன்னாடி லேபிள ஒரு அஞ்சு நிமிஷம் பொறுமையா படிங்க. பிளெண்ட்னா மட்டம், சிங்கிள் மால்ட்னா உசத்தின்னு ஒரு நெனப்பு நம்ம ஆளுங்ககிட்ட ஊறிப்போயிருக்கு, அயர்லாந்து விஷயத்துல அத கழட்டி வச்சிடுங்க. ஐரிஷ் விஸ்கியில அடிப்படையா மூணு வகை இருக்கு. மால்ட்னா முளைகட்டின பார்லி மட்டும். கிரெய்ன்னா மக்காச்சோளமோ கோதுமையோ வச்சு உயரமான காலம் ஸ்டில்லுல (column still, தூண் மாதிரி நிக்குற காய்ச்சுற கலம்) நிக்காம ஓடி வர்றது, லேசா இனிப்பா இருக்கும். மூணாவது பாட் ஸ்டில் (pot still, பானை மாதிரி கலத்துல காய்ச்சுறது), இது அயர்லாந்தோட சொந்த சொத்து, முளைகட்டின பார்லியும் முளைகட்டாத பச்சை பார்லியும் சேத்து காய்ச்சுறது, இன்னிக்கு இருக்குற விதிப்படி ரெண்டுமே குறைஞ்சது 30% இருக்கணும். 18ஆம் நூற்றாண்டுல மால்ட்டுக்கு வரி போட்டப்ப, வரி இல்லாத பச்சை பார்லிய அதிகமா சேக்க ஆரம்பிச்சாங்க, அப்படி வரிய மிச்சம் பண்ணப் போயி வந்ததுதான் அந்த மிளகு கிராம்பு மாதிரி காரமும் வாயில எண்ணெய் மாதிரி படியுற வழவழப்பும். இந்த மூணுல ரெண்டோ மூணுமோ கலந்தா பிளெண்ட். அதனால கலவையில பாட் ஸ்டில் எவ்வளவு, மால்ட் எவ்வளவுன்னு லேபிள்லயோ டப்பாவுலயோ போட்டிருந்தா அத முதல்ல குறிச்சு வச்சுக்கோங்க, பின்னால ரொம்ப உதவும்.

கிரெய்ன் விஸ்கிய மட்டமா நெனைக்காதீங்கன்னும் சொல்லணும். அந்த காலம் ஸ்டில்ல மேம்படுத்தி 1830ல பேடண்ட் வாங்கின ஏனியஸ் காஃபி டப்ளின்ல கலால் அதிகாரியா இருந்தவரு. அப்ப இருந்த பெரிய டப்ளின் கம்பெனிங்க அத சீந்தல, ஸ்காட்லாந்துகாரங்க எடுத்துகிட்டு உலகம் முழுக்க பிளெண்ட் வித்தாங்க. அயர்லாந்து விஸ்கித் தொழில் சரிஞ்சதுக்கு இது ஒரு காரணம். 1970கள்ல மொத்த தீவுலயும் கார்க் பக்கத்துல மிடில்டன், வடக்குல புஷ்மில்ஸ்னு ரெண்டே டிஸ்டில்லரிதான் மிச்சம். 1987ல ஜான் டீலிங் லவுத் கவுண்டியில கூலி டிஸ்டில்லரிய ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் மெல்ல மெல்ல உயிர் வந்து இப்ப 40க்கு மேல இருக்கு.

இத ஏன் சொல்றேன்னா, புது டிஸ்டில்லரிங்க தங்களோட சொந்த சரக்கு முதிர்ற வரைக்கும் வெளியில இருந்து விஸ்கி வாங்கி, அத வேற பீப்பாய்ல கொஞ்ச காலம் வச்சு ஃபினிஷ் பண்ணி விக்கிறது சகஜம். அதுல தப்பு எதுவும் இல்ல, நல்லா செஞ்சா நல்லாவே இருக்கும், ஆனா காய்ச்சினது யாரு, பாட்டில் பண்ணது யாருன்னு லேபிள்ல பிரிச்சு போட்டிருக்கான்னு பாருங்க. ஒளிவுமறைவு இல்லாம எழுதுற கம்பெனிய நான் கொஞ்சம் கூடுதலா நம்புவேன். வயசு போட்டிருந்தா, கலவையில இருக்குறதுலயே இளசான விஸ்கியோட வயசுதான் அது. வயசு போடலன்னாலும் மரப்பீப்பாய்ல குறைஞ்சது 3 வருஷம் அயர்லாந்து தீவுலயே இருந்திருக்கணும், அது சட்டம். லிமிடெட் எடிஷன்ங்குற வார்த்தைக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் கிடையாது, மொத்தம் எத்தன பாட்டில்னு எண் போட்டிருந்தாதான் அதுக்கு அர்த்தம்.

அப்புறம் ஆல்கஹால் அளவு. 40% சட்டப்படி குறைஞ்சபட்சம். 46%ன்னு போட்டு சில் ஃபில்டர் பண்ணலன்னும் எழுதியிருந்தா மனசுக்குள்ள ஒரு சந்தோஷம் வரும் எனக்கு, ஏன்னா குளுர வச்சு வடிகட்டுறப்ப வாய்க்கு கனம் தர்ற கொழுப்புப் பொருள்ல கொஞ்சம் போயிடும், 46க்கு கீழ இறக்கினா அதுங்க கலங்கலா தெரியும்னுதான் வடிகட்டுறாங்க. கலங்கினா கலங்கட்டும், எனக்கு அந்த கனம் வேணும்.

இப்ப ஷெர்ரி. நெறைய பேரு செர்ரி பழம்னு நெனச்சுக்குறாங்க, தமிழ்ல எழுதுறப்ப இன்னும் குழப்பம், ஆனா அதுக்கும் பழத்துக்கும் சம்பந்தமே இல்ல. ஸ்பெயினோட தெற்குல ஆண்டலூசியாவுல ஹெரெத்னு ஒரு ஊரு, அங்கயும் பக்கத்து ஊருங்கள்லயும் செய்யுற, ஸ்பிரிட் சேத்து வலுவாக்கின திராட்சை ஒயின்தான் ஷெர்ரி, ஊர் பேரத்தான் இங்கிலீஷ்காரங்க வாய்க்கு வந்தபடி ஷெர்ரின்னு ஆக்கினாங்க. அதுல பல வகை. விஸ்கிக்கு அதிகமா வர்றது ஓலோரோசோ, காத்து பட பட வருஷக்கணக்கா முதிர்ந்து அடர் பழுப்பு நிறத்துல வால்நட், ஆரஞ்சுத் தோல் வாசனையோட இருக்கும், வாசனைய பாத்து இனிப்புன்னு நெனச்சு குடிச்சா இனிப்பே இருக்காது. இன்னொன்னு பெட்ரோ ஹிமெனெத், சுருக்கமா பிஎக்ஸ், திராட்சைய பறிச்சு வெயில்ல பாய் விரிச்சு காய வச்சு பிழியுறது, கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியா ஊத்தும். எந்த ஷெர்ரின்னு பெரும்பாலும் லேபிள்ல இருக்கும், இது ரொம்ப முக்கியம், ஏன்னா ஓலோரோசோ ஃபினிஷ்ல நீங்க தேட வேண்டியது வேற, பிஎக்ஸ்ல தேட வேண்டியது வேற.

டப்ளினுக்கு ஷெர்ரி பீப்பாய் புதுசு இல்ல. அந்தக் காலத்துல ஷெர்ரி பீப்பாயோடவே கப்பல்ல வரும், ஒயின் வியாபாரிங்க அத பாட்டில்ல அடைச்சு வித்துட்டு காலி பீப்பாய டிஸ்டில்லரிக்கு அனுப்பி விஸ்கி நிரப்பி வாங்கி தங்களோட கிடங்குல வச்சுக்குவாங்க. மிட்செல் குடும்பம் அப்படித்தான் போ (Bow) தெருவுல இருந்த ஜேம்சன் டிஸ்டில்லரிக்கு அனுப்புவாங்க, எத்தன வருஷம் வைக்கணும்னு பீப்பாய்ல கலர் கலரா பெயிண்ட் பொட்டு வைப்பாங்க, அந்தப் பொட்டுதான் கிரீன் ஸ்பாட், யெல்லோ ஸ்பாட்னு விஸ்கி பேரா நின்னுச்சு. 1980கள்ல இருந்து ஷெர்ரிய ஸ்பெயின்லயே பாட்டில் பண்ணணும்னு ஆனதும் அந்த காலி பீப்பாய் வரத்து நின்னு போச்சு. இப்ப வர்றதுல பெரும்பாலும் விஸ்கிக்காகவே புதுசா செஞ்சு, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஷெர்ரி ஊத்தி பழக்கின பீப்பாய்ங்க. தோசைக்கல்லு பழக்குற மாதிரின்னு வச்சுக்கோங்க, கல்லுக்குள்ள எண்ணெய் இறங்குற மாதிரி மரத்துக்குள்ள ஒயின் இறங்கும்.

ஃபினிஷ்னா விஸ்கி முழு காலமும் அதுல கிடந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. முதல்ல போர்பன்ங்குற அமெரிக்க விஸ்கி வச்சிருந்த பழைய பீப்பாய்ல, சுமார் 200 லிட்டர் புடிக்கிறது, வருஷக்கணக்கா முதிர வச்சு, கடைசியா சில மாசமோ ஒண்ணு ரெண்டு வருஷமோ ஷெர்ரி பீப்பாய்க்கு மாத்துறதுதான் ஃபினிஷ். அதனால உங்க கிளாஸ்ல அடுக்கு அடுக்கா இருக்கு, தானியம், காய்ச்சின விதம், அமெரிக்க ஓக் மரம் தந்த வெனிலா தேங்காய் வாசனை, மேல ஷெர்ரி. மேல இருக்குறத விலக்கி கீழ பாக்கணும்.

அதுக்கு நான் பண்ற ஒரு ஏற்பாடு, கொஞ்சம் செலவுதான், ஆனா ஒரு தடவையாவது பண்ணிப் பாருங்க. மூணு கிளாஸ் வைக்கிறேன். ஒண்ணுல அதே கம்பெனியோட ரெகுலர் பாட்டில், இன்னொன்னுல லேபிள்ல சொல்லியிருக்குற அதே வகை ஷெர்ரி, அரை பாட்டில் கிடைச்சாலும் போதும், மூணாவதுல நம்ம லிமிடெட் எடிஷன். ரெகுலர் பாட்டில் கிடைக்கலன்னா பிளாக் புஷ் மாதிரி எப்பவும் கிடைக்குற, மால்ட் அதிகமா இருக்குற ஷெர்ரி பீப்பாய் பிளெண்ட் ஒண்ணு பக்கத்துல இருந்தாலும் ஒப்பிட சரியா இருக்கும். ஷெர்ரிய தனியா மோந்து பாத்துட்டு வந்தீங்கன்னா விஸ்கிக்குள்ள அது எங்க இருக்குன்னு விரல் வச்சு காட்டிடுவீங்க, மிச்சம் இருக்குறதெல்லாம் விஸ்கி. படிச்சு வர்ற அறிவு வேற, இப்படி மூக்கால கழிச்சுப் பாக்குற கணக்கு வேற.

நேரம், சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னாடி, பசியும் இல்லாம வயிறு ரொம்பவும் இல்லாம ஒரு அஞ்சு ஆறு மணி. மத்தியானம் வெங்காயம் பூண்டு காரம் கம்மியா சாப்பிடுங்க, ஒரு மணி நேரம் முன்னாடியே காபி, வெத்தலை, மின்ட் எல்லாம் நிறுத்திடுங்க. ஊதுபத்தி ஏத்துன ரூம் வேண்டாம், தாளிச்ச வாசனை வர்ற சமையக்கட்டு வேண்டாம், சென்ட் அடிச்சுக்க வேண்டாம். கிளாஸ் வயிறு அகலமா வாய் குறுகலா இருக்கணும், கிளென்கேர்ன்னு விஸ்கிக்குன்னே வர்ற கிளாஸ் இருந்தா நல்லது, இல்லன்னா சின்ன ஒயின் கிளாஸ் போதும், ஷெர்ரி குடிக்கிற கோபிட்டா கிளாஸத்தான் பிளெண்டர்மாரு பலர் மோந்து பாக்க வச்சுக்குறாங்க, அதனால அது கிடைச்சா ரொம்ப பொருத்தம். அகலமான டம்ளர் கிளாஸ்ல வாசனை எல்லாம் காத்துல போயிடும். கிளாஸ சுடுதண்ணியில கழுவி கவுத்து வச்சு காய விடுங்க, துணியால துடைச்சா துணி வாசனை ஒட்டும்.

அளவு 15 மில்லி. பப்ல ஒரு ஐரிஷ் அளவுங்குறது 35.5 மில்லி, அதுல பாதிகூட வேண்டாம். ருசி பாக்குறதுக்கு இது போதும், மூணு கிளாஸ் இருக்குங்குறதையும் மறந்துடாதீங்க, துப்புறதுக்கு ஒரு கப் வச்சுக்கிட்டா இன்னும் நல்லது, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, தொழில்ல இருக்குறவங்க அப்படித்தான் செய்யுறாங்க. 1875ல டப்ளின் லிபர்டீஸ் பகுதியில விஸ்கி கிடங்கு தீப்பிடிச்சு தெருவுல விஸ்கி ஆறா ஓடுனப்ப தீயில ஒருத்தரும் சாகல, அத அள்ளிக் குடிச்சு 13 பேர் செத்தாங்க. வண்டி ஓட்டணும்னா அன்னிக்கு இத தொடவே தொடாதீங்க, இந்தியாவுல 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம்தான் வரம்பு, சின்ன அளவுன்னு நெனைக்கிறதே அத தொட்டுடலாம்.

ஊத்திட்டு பத்து நிமிஷம் சும்மா விடுங்க. அந்த நேரத்துல நிறம் பாத்துக்கலாம், ஆனா அதுல ரொம்ப மயங்காதீங்க, ஐரிஷ் விஸ்கியில கேரமல் கலர் சேக்க சட்டம் அனுமதிக்குது, அதனால கருஞ்சிவப்பா இருக்குறதாலயே ஷெர்ரி அதிகம்னு முடிவு கட்ட முடியாது. கலர் சேக்கலன்னு எழுதியிருந்தா மட்டும் நிறத்த நம்புங்க.

மூக்குக்கு நேரம் குடுங்க, பாதி வேலை அங்கதான் நடக்குது. ஒயின் மாதிரி கிளாஸ போட்டு சுத்தாதீங்க, ஆல்கஹால் நெடி குபுக்குனு கிளம்பி மூக்க மரத்துப் போக வச்சிடும். முதல்ல கிளாஸ தாடைக்கு நேரா புடிச்சு, வாய லேசா திறந்து வச்சுகிட்டு சாதாரணமா மூச்சு விடுங்க, அப்புறம் உதட்டுக்கு, அப்புறம் மூக்குக்கு கொண்டு வாங்க. சுருக்குனு குத்துச்சுன்னா கொஞ்சம் தள்ளுங்க. மூக்கு சோர்ந்து போச்சுன்னா உங்க முழங்கை உள்பக்கத்த மோந்து பாருங்க, நம்ம உடம்பு வாசனை மூக்க பழைய நெலமைக்கு கொண்டு வந்துடும்.

இங்கதான் நம்ம ஆளுங்க பயப்படுறாங்க, ஏன்னா டப்பாவுல ஸ்டூவ் பண்ண பிளம்ஸ், கிறிஸ்மஸ் புட்டிங், லெதர் சோஃபான்னு எழுதியிருப்பாங்க, நம்ம மூக்குக்கு அதெல்லாம் பழக்கமே இல்ல. டப்பாவ தூக்கி ஓரமா வைங்க. எங்க வீட்டுல ஒரு தடவை ராமநாதபுரத்து நண்பன் ஒருத்தன் வந்திருந்தான், விஸ்கி பத்தி ஒண்ணும் தெரியாதவன், ஒரு ஓலோரோசோ ஃபினிஷ் பிளெண்ட மோந்து பாத்துட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தான், அப்புறம், "டேய், எங்க அப்பத்தா புளிப் பானைய திறந்த மாதிரி இருக்குடா"ன்னான். நான் திரும்ப மோந்து பாத்தேன், அப்படியே இருந்துச்சு. உப்பு போட்டு உருட்டி பானையில அடைச்சு வச்சு கருத்துப் போன பழம்புளி, அந்த இனிப்பு கலந்த புளிப்பும் அடியில ஒரு மண் வாசனையும். அத்தன நாளா நான் காய்ஞ்ச பழம் காய்ஞ்ச பழம்னு எழுதிகிட்டு இருந்தேன், அவன் ஒரே வரியில புடிச்சுட்டான்.

அதனால உங்க ஞாபகத்துல இருந்து எடுங்க. ஷெர்ரி பக்கம் தேடுறப்ப பேரீச்சம்பழம், பாயசத்துல நெய்யில பொரிஞ்ச திராட்சை, அத்திப்பழம், கருப்பட்டி, சுக்குக் காபி, ஆரஞ்சுத் தோல காய வச்ச வாசனை, இதுல எது வருதுன்னு பாருங்க. விஸ்கி பக்கம் தேடுறப்ப ஹார்லிக்ஸ் டப்பாவ திறக்குறப்ப வர்ற வாசனைய ஞாபகப்படுத்திக்கோங்க, அது முளைகட்டின பார்லி வாசனையேதான், மால்ட் அதுல இருக்கு. ஈர வைக்கோல், பச்சை ஆப்பிள், தேன், நுணுக்கின மிளகு வந்துச்சுன்னா பாட் ஸ்டில் பேசுது. வெனிலா ஐஸ்கிரீம், தேங்காய் பர்பி, அது போர்பன் பீப்பாய். ரெண்டு பக்கத்துல இருந்தும் ஆளுக்கு ரெண்டாவது கிடைச்சுச்சுன்னா பாட்டில் நல்ல பாட்டில்.

விஸ்கி பக்கம் ஒண்ணுமே தெரியலயா, ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு ரெண்டு கையையும் நல்லா தேய்ங்க, பத்து செகண்ட்ல ஆல்கஹால் பறந்துடும், அப்ப கைய குவிச்சு மோந்து பாருங்க. பழ வாசனை அடங்கி தானியமும் மரமும் மேல வரும். எனக்கு முதல் தடவை அப்படி வந்தப்ப அரிசி புடைக்கிறப்ப வர்ற தவிட்டு வாசனை மாதிரி இருந்துச்சு. அதுதான் அடியில இருந்த கிரெய்ன்.

வாய்க்கு வருவோம். முதல் வாய் கணக்குல இல்ல, ரெண்டு மில்லி நாக்குல படவிட்டு முழுங்கிடுங்க, வாய் ஆல்கஹாலுக்கு பழகட்டும், அந்த வாய வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு ரெண்டாவது வாய், இத ஒரு பத்து பதினஞ்சு செகண்ட் வாயிலயே வைங்க, நாக்கு அடி, கன்னத்து உள்பக்கம், ஈறு எல்லாம் படணும், மெல்லுற மாதிரி அசைங்க. முழுங்கினதும் வாய மூடி மூக்கு வழியா மூச்ச விடுங்க, பாதி ருசி அந்த மூச்சுலதான் வரும்.

எதிர்பாக்க வேண்டிய வரிசை ஒண்ணு இருக்கு. ஷெர்ரி ஃபினிஷ்ல பெரும்பாலும் ஷெர்ரி ரெண்டு முனையிலயும் நிக்கும், ஆரம்பத்துல பழ இனிப்பா, கடைசியில துவர்ப்பா. நடுவுல ஒரு நாலஞ்சு செகண்ட் இருக்கு பாருங்க, அங்கதான் விஸ்கி. அந்த இடத்துல வாய் நிறைய வழவழப்பும் பக்கவாட்டுல காரமும் வந்தா பாட் ஸ்டில், பிஸ்கட் மாதிரி மாவு ருசி வந்தா மால்ட், ஒண்ணுமே இல்லாம தண்ணியா ஒரு பள்ளம் விழுந்தா அடியில இருக்குறது மெல்லிசான இளசு விஸ்கி, அத மூடத்தான் ஷெர்ரி. இந்த நடுப்பள்ளத்த ஒரு தடவை உணர்ந்துட்டீங்கன்னா அப்புறம் எந்த டப்பாவும் உங்கள ஏமாத்த முடியாது.

துவர்ப்புன்னு சொன்னேன்ல, இந்த விஷயத்துல நம்மகிட்ட அறுசுவைக் கணக்கு இருக்குறது பெரிய வசதி. மரத்துல இருந்து வர்ற டேனின் வாய இழுத்துப் புடிக்கிறத நாம சின்ன வயசுலயே நாவப்பழத்துல, நெல்லிக்காயில, கொட்டப்பாக்குல தெரிஞ்சு வச்சிருக்கோம். ஐரோப்பிய ஓக்ல செஞ்ச ஷெர்ரி பீப்பாய்ல இது அதிகமா இருக்கும், அமெரிக்க ஓக்ல கம்மி. ஆறு சுவையையும் வரிசையா கேட்டுகிட்டே போங்க, இனிப்பு எங்க, புளிப்பு எங்க, காரம் எங்க, உப்பு இருக்கா, கசப்பு, துவர்ப்பு எப்ப வருது. நாவப்பழம் அளவு துவர்ப்பு இனிப்ப தாங்கிப் புடிக்கும், எனக்கு அது ரொம்ப புடிக்கும். டீத்தூள அள்ளிப் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விட்ட டீ மாதிரி நாக்கு வறண்டுச்சுன்னா பீப்பாய்ல ரொம்ப நாள் விட்டுட்டாங்க.

அடுத்தது தண்ணி. குடிக்கிற பாட்டில் தண்ணி, குளுராம, டிராப்பர்லயோ ஸ்ட்ராவுலயோ சொட்டு சொட்டா. கணக்கு வேணும்னா, 46% விஸ்கி 15 மில்லி இருந்தா சுமார் 2 மில்லி தண்ணிக்கு அது 40% பக்கம் வந்துடும், அதாவது அரை டீஸ்பூனுக்கும் கொஞ்சம் கம்மி. ரெண்டு சொட்டு விட்டு மூணு நிமிஷம் காத்திருந்து மோந்து பாருங்க, அப்புறம் இன்னும் ரெண்டு சொட்டு. ஐஸ் வேண்டாம், குளுர்ந்தா வாசனை அடங்கிடும், துவர்ப்பு மட்டும் தூக்கலா தெரியும்.

இந்தத் தண்ணிதான் ஃபினிஷுக்கு பரீட்சை. நல்லா கலந்த விஸ்கியா இருந்தா தண்ணி பட்டதும் எல்லாம் சேந்து விரியும், ஹார்லிக்ஸ் வாசனைக்குள்ள பேரீச்சம்பழம் வரும், எது எங்க முடியுதுன்னு பிரிக்க முடியாது. அவசரமா ஃபினிஷ் பண்ணதுன்னா தண்ணி பட்டதும் பிரிஞ்சு நிக்கும், மேல ஒரு ஒயின் வாசனை மிதக்கும், கீழ ஸ்பிரிட் நெடி தனியா அடிக்கும், எண்ணெய் பிரிஞ்ச குழம்பு நல்லது, பிரிஞ்ச விஸ்கி நல்லதில்ல. இப்படி பிரிஞ்சு வந்தா நான் பாட்டில ரெண்டு வாரம் விட்டு திரும்பவும் ஒரு வாய்ப்பு குடுப்பேன், சில சமயம் திறந்த பாட்டில் காத்து பட்டு அடங்கி நல்லா வரும்.

இன்னொரு குறை கந்தகம். ஷெர்ரி பீப்பாய் கெட்டுப் போகாம இருக்க கந்தகத் திரி ஏத்துற பழக்கம் உண்டு, அது சில நேரம் விஸ்கியில தங்கிடும். அணைச்ச தீக்குச்சி, தீபாவளிக்கு மறுநாள் காலையில தெருவுல கிடக்குற வெடித்தாள் வாசனை, கொஞ்சம் அதிகமானா வெந்த முட்டை, ரப்பர். லேசா தீக்குச்சி வாசனை எனக்கு புடிக்கவும் செய்யும், பழ இனிப்புக்கு ஒரு ஆழம் குடுக்குது, முட்டை வாசனை வரைக்கும் போனா என்னால குடிக்க முடியாது. சிலருக்கு இந்த வாசனை மூக்குல ஏறவே ஏறாது, அதனால கூட இருக்குறவரு இல்லன்னு சொன்னா சண்டை போடாதீங்க, ரெண்டு பேருமே சரியாத்தான் சொல்றீங்க.

நோட்டு ஒண்ணு வச்சுக்கோங்க. தேதி, பாட்டில் எண், எத்தன சொட்டு தண்ணி, அப்புறம் மனசுல முதல்ல வந்த வார்த்தை, அது புளிப் பானையா இருந்தாலும் கோயில் பஞ்சாமிர்தமா இருந்தாலும் அப்படியே எழுதுங்க. மார்க் போட வேண்டாம். கூடவே கடிக்க ஏதாவது வேணும்னா உப்பில்லாத பாதாமோ கருப்பு சாக்லேட்டோ ருசி பாத்து முடிச்சதுக்கு அப்புறம் வச்சுக்கலாம், பிஎக்ஸ் ஃபினிஷுக்கு பாதாம்தான் பொருத்தம், இனிப்புக்கு மேல இனிப்பு போட்டா திகட்டிடும்.

ஒரே நாள்ல முடிவு கட்டாதீங்க. திறந்த அன்னிக்கு ஒரு தடவை, ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை, பாட்டில் பாதி ஆனப்ப ஒரு தடவை, மூணு நாளும் மூணு விதமா இருக்கும். பாட்டில ஒயின் மாதிரி படுக்க வைக்காம நிக்க வைங்க, ஆல்கஹால் கார்க்க அரிச்சிடும். வெயில் படக்கூடாது. கால்வாசிக்கு கீழ இறங்கிடுச்சுன்னா சின்ன கண்ணாடி பாட்டிலுக்கு மாத்தி கழுத்து வரைக்கும் நிரப்பி அடைச்சு வைங்க, இல்லன்னா சில மாசத்துல அந்த பழ வாசனைதான் முதல்ல போகும்.

குடிச்சு முடிச்ச கிளாஸ அன்னிக்கு ராத்திரி கழுவாதீங்க. ஒரு தட்டு போட்டு மூடி அப்படியே வச்சிடுங்க. காலையில காபி போடுறதுக்கு முன்னாடி, வாய்கூட கொப்புளிக்காம, தட்ட எடுத்துட்டு மோந்து பாருங்க. ஆல்கஹால் எல்லாம் போயிருக்கும், அடியில ஒரு பழுப்பு வளையம் காய்ஞ்சு ஒட்டியிருக்கும். ஈர மரமும், கருப்பட்டியும், எங்கயோ தூரத்துல ஹார்லிக்ஸும் வந்துச்சுன்னா நோட்டுல அந்த தேதிக்கு கீழ கடைசி வரியா அத எழுதிட்டு, சோப்பு போடாம சுடுதண்ணியில கழுவி கவுத்து வைங்க.